படிவம் நிரப்புகிறவரின் கையைத் தட்டிவிடாதீர்கள்

வலைப் படிவங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களுக்கு,

உங்களில் அரசு விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, வங்கி, காப்பீடு என்று மக்கள் நிரப்பியே ஆகவேண்டிய படிவங்களைச் செய்பவர்களை மனதில் வைத்தே இந்த மடலை எழுதுகிறேன். பொருள் வாங்கும் தளம் சரியில்லை என்றால் இன்னொரு தளத்துக்குப் போய்விடலாம். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இன்னொரு தளம் கிடையாது. அங்கே நீங்கள் போகிறபோக்கில் எழுதிவைத்த நாலு வரி ஈவென்ட் ஹேண்ட்லர், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் அரை நாளைத் தின்றுவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. படிவத்தில் எழும் ஒவ்வொரு நிகழ்வும் ஒருவர் தன் கையால் செய்த காரியம். அவர் எந்த விசையைத் தட்டினார் என்று துருவ வேண்டாம். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதையும் அவர் எழுதி முடித்த பிறகு பாருங்கள். மீதி நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார் என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. அது வந்ததும் மக்களுக்குக் கண்கூடாகப் பயன்பட்ட இடம் படிவச் சரிபார்ப்பு. அதுவரை ஒரு பெட்டி காலியாக இருந்தால்கூட மொத்தப் படிவமும் டயல்-அப் இணைப்பில் சர்வருக்குப் போய், பிழைச் செய்தியைச் சுமந்துகொண்டு திரும்பி வரவேண்டும். 'ஆன்சப்மிட்', 'ஆன்சேஞ்ச்', 'ஆன்பிளர்' மூன்றும் நேவிகேட்டர் 2.0 காலத்திலேயே வந்துவிட்டன. நிரப்புகிறவரின் காத்திருப்பைக் குறைக்கத்தான் வந்தன. 2000 நவம்பரில் டபிள்யூ3சி வெளியிட்ட டாம் லெவல் 2 பரிந்துரையில் 'ஆட்ஈவென்ட்லிசனர்' இடம்பெற்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதை ஏற்றுக்கொள்ள 2011இல் 9ஆம் பதிப்பு வரவேண்டியிருந்தது. ஆளுக்கொரு பிரவுசர், ஆளுக்கொரு வழி என்று இருந்த அந்த ஆண்டுகளில் பரவிய கைவைத்தியங்கள் பல. விசை எண்ணை வைத்து வடிகட்டுவது, பெட்டியை விட்டு நகர்ந்தவுடன் அலர்ட் போடுவது, ஒட்டுவதைத் தடுப்பது எல்லாம் அப்போதையவை. பிரவுசர்கள் திருந்திவிட்டன; இந்த வைத்தியங்கள் மட்டும் ஒரு திட்டத்திலிருந்து அடுத்த திட்டத்துக்கு நகலாகிக்கொண்டே வருகின்றன.

கைபேசி எண் கேட்கும் பெட்டியைப் பார்ப்போம். எண் மட்டுமே விழவேண்டும் என்று 'கீடவுன்' நிகழ்வில் ஒரு வடிகட்டி இருக்கிறது. விசை எண் 48க்கும் 57க்கும் இடையில் இல்லையென்றால் 'பிரிவென்ட்டிஃபால்ட்'. மடிக்கணினியில் மேல்வரிசை எண்களைத் தட்டிப் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்யும். இப்போது இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரின் வலது கையைக் கவனியுங்கள். நாள் முழுக்க 12 இலக்க ஆதார் எண்ணும் 10 இலக்கக் கைபேசி எண்ணும் அடிக்கிறவர். கண் காகிதத்தில் இருக்கும், விரல்கள் கீபோர்டின் வலப்பக்க எண் பலகையில் ஓடும். அந்தப் பலகையின் எண்களுக்குக் 'கீடவுன்' தருவது 96 முதல் 105 வரை. உங்கள் வடிகட்டிக்கு அவை எண்களே இல்லை. ஒன்றும் விழாது. அவர் நம்லாக்கை அணைத்துப் போட்டுப் பார்ப்பார், கீபோர்டைத் தூக்கித் தட்டிப் பார்ப்பார், கடைசியில் மேல்வரிசைக்குப் போய் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடிப்பார். தவறு வந்தால் அழிக்கவும் முடியாது, ஏனென்றால் பேக்ஸ்பேஸின் எண் 8. அடுத்த பெட்டிக்கு நகரும் டேப்பின் எண் 9. அதுவும் அடைபட்டால், மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அந்தப் பெட்டியை விட்டு வெளியேற வழியே இல்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இது அப்படியே தலைகீழ். திரையில் வரும் கீபோர்டுகள் பெரும்பாலான தட்டல்களுக்கு 229 என்ற ஒரே எண்ணைத்தான் அனுப்புகின்றன. எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான எண் அது. அதற்கு 'பிரிவென்ட்டிஃபால்ட்' போட்டாலும் எழுத்து விழுந்துவிடும். ஆக, கணினியில் விடவேண்டியதைத் தடுத்த அதே வடிகட்டி, கைபேசியில் தடுக்க நினைத்ததை விட்டுவிடுகிறது.

இதற்கு மாற்று எளியது. 'இன்புட்மோட்' பண்பில் 'நியூமெரிக்' என்று கொடுங்கள், கைபேசியில் எண் பலகை தானாக மேலே வரும். வடிகட்டியை எடுத்துவிட்டு, பெட்டியின் மதிப்பை 'இன்புட்' அல்லது 'சேஞ்ச்' நிகழ்வில் படியுங்கள். விசையில் தட்டினாலும், ஒட்டினாலும், குரலில் சொன்னாலும், பிரவுசர் தானே நிரப்பினாலும் 'இன்புட்' எழும். 'கீஅப்'பை நம்பியிருந்தால் கடைசி மூன்றும் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். இடையில் இடைவெளி விட்டிருக்கிறாரா, முன்னால் +91 போட்டிருக்கிறாரா, அதை நீக்கிக்கொள்வது உங்கள் வேலை, அவருடையது அன்று. பெட்டியின் வகையையே 'நம்பர்' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மவுஸ் சக்கரம் உருண்டால் எண் மாறிவிடும் தொல்லை அதில் உண்டு. பிரிட்டன் அரசின் கவ்.யுகே டிசைன் சிஸ்டம் 2020இல் அதைக் கைவிட்டு 'இன்புட்மோட்' வழிக்கு வந்தது.

இனி தமிழில் பெயர் கேட்கும் பெட்டிக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 பலகையில், 'க' விசையை இருமுறை தட்டினால் 'க்க' என்று வரும். புள்ளி தானாக முளைத்து முன்னெழுத்தின் தலையில் உட்காரும். ஒலிபெயர்ப்பு முறையில் எம் தட்டினால் 'ம்', அடுத்து ஏ தட்டினால் அந்த 'ம்' போய் 'ம' நிற்கும். ஒரு தட்டல் ஒரு எழுத்து என்ற கணக்கு தமிழில் செல்லாது. இப்போது தட்டியது, ஏற்கெனவே விழுந்ததை மாற்றும். எழுத்து இப்படி உருவாகும் வேளையைத் தெரிவிக்கவே பிரவுசர் 'காம்போசிஷன்ஸ்டார்ட்', 'காம்போசிஷன்எண்ட்' என்ற நிகழ்வுகளைத் தருகிறது. 'இன்புட்' நிகழ்விலும் 'இஸ்காம்போசிங்' என்ற அடையாளம் உண்டு. அந்த நேரத்தில் உங்கள் ஹேண்ட்லர் புகுந்து பெட்டியின் மதிப்பை வெட்டி ஒட்டித் திருப்பி எழுதினால் எழுத்து இரட்டிக்கும், கர்சர் கடைசிக்குத் தாவும். நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தப் போனவர், ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் கர்சரை இழுத்து வந்து வைக்கவேண்டியிருக்கும். 'இஸ்காம்போசிங்' உண்மையாக இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

ஜப்பானியர்களுக்கு இதைவிடப் பெரிய இடர் உண்டு. அவர்கள் எழுத்து மாற்றத்தை உறுதிசெய்யவே என்டர் விசையைத்தான் தட்டுகிறார்கள். என்டர் என்றால் அனுப்பு என்று எழுதப்பட்ட ஹேண்ட்லர் பாதி வாக்கியத்தை அனுப்பிவிடும். சஃபாரியில் அந்த என்டர் வரும்போது 'இஸ்காம்போசிங்' பொய் என்று காட்டும், விசை எண் மட்டும் 229 ஆக இருக்கும். விசை எண்ணைப் பார்ப்பதற்கு நியாயம் உள்ள மிகச் சில இடங்களில் அது ஒன்று.

அடுத்தது சரிபார்ப்பு. ஏ முதல் இசட் வரை மட்டும் என்று எழுதுகிறவர்களிடம் தமிழ்ப் பெட்டியில் அது எப்படிச் செல்லும் என்று கேட்டால், உடனே ஒப்புக்கொண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷனில் யூனிகோடின் 'லெட்டர்' வகையைப் போட்டுவிடுகிறார்கள். 2018 முதல் ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு வசதி உண்டு. அதோடு பிரச்சினை தீரவில்லை. யூனிகோடில் 'க' லெட்டர். ஆனால் கொக்கி, கால், புள்ளி எல்லாம் 'மார்க்' என்ற வேறு வகை. லெட்டர் மட்டும் என்று எழுதினால் 'கனக' தேறும். 'மணி' தேறாது, 'கண்ணன்' தேறாது. இரண்டு வகையையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் அனுமதியுங்கள், நம்மில் பெரும்பாலோருக்குத் தலைப்பெழுத்து இருக்கிறது. குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டியைக் கட்டாயமாக்கி, அதில் இரண்டு எழுத்துக்குக் குறையக்கூடாது என்று விதித்து, புள்ளியையும் தடுத்தால், அந்தப் படிவத்தை உண்மையாக நிரப்ப இங்கே பலருக்கு வழியில்லை. அப்பா பெயரை ஒரு படிவத்திலும் ஊர்ப் பெயரை இன்னொரு படிவத்திலும் போட்டுவிட்டு, பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

நீளக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எண்ணினால் நமக்கு 9 எழுத்து. பிரவுசரின் 'மேக்ஸ்லெங்த்' எண்ணுவது குறியீடுகளை. அதன் கணக்கில் 16. வரம்பு 15 என்று வைத்திருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, கடைசிப் புள்ளி மட்டும் காணாமல் போய் 'மீனாட்சிசுந்தரம' என்று சான்றிதழில் அச்சாகும். எழுத்தை எழுத்தாக எண்ண 'இன்ட்டல் செக்மென்ட்டர்' இருக்கிறது, முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. அதைவிட நல்லது, பெயருக்கு இறுக்கமான வரம்பே வைக்காமல் இருப்பது. இன்னொன்றும் உண்டு. 'கொ' என்பதைச் சில பலகைகள் ஒரே உயிர்மெய்க்குறியாக எழுதும். கொம்பும் காலும் தனித்தனியாக வந்து சேர்ந்த வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பெயரை மறுமுறை தட்டச் சொல்லி ஒப்பிடும் ஸ்கிரிப்ட் இரண்டும் வேறு என்று அடித்துச் சொல்லும். ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

ஓடிபி பெட்டிகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். ஆறு இலக்கத்துக்கு ஆறு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 'கீடவுன்' கேட்டு அடுத்ததற்குத் தாவும் ஸ்கிரிப்ட். குறுஞ்செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் முதல் பெட்டியில் ஓர் எண் மட்டும் விழும். ஒன்றைத் தவறாகத் தட்டிவிட்டால் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்றே புலப்படாது, இதற்குள் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பெட்டி, 'ஆட்டோகம்ப்ளீட்' பண்பில் 'ஒன்-டைம்-கோட்', எண் பலகை. இவ்வளவு போதும். அதை ஆதரிக்கும் கைபேசிகளில் எண்ணைக் கீபோர்டே எடுத்துக் கொடுக்கும், ஒரு தட்டலில் முடிந்தது. ஒட்டுவதைத் தடுக்கும் 'பேஸ்ட்' ஹேண்ட்லர்களை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லை ஒட்ட விடுங்கள் என்று பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமும் 2017இலேயே சொல்லிவிட்டன. பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம் என்று இனியும் சொல்ல இடமில்லை. வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு முறை கையால் தட்ட வைப்பதால் பிழை குறையும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: பாஸ்புக் புகைப்படத்தை ஒரு பக்கம், படிவத்தை ஒரு பக்கம் மாற்றி மாற்றிப் பார்த்துக் கைபேசியில் தட்டுகிறவருக்கு, நகலெடுத்து ஒட்டுவதுதான் பிழையில்லாத வழி.

மாவட்டம் தேர்ந்தெடுத்தால் வட்டம், வட்டம் தேர்ந்தெடுத்தால் கிராமம் என்று அடுக்கடுக்காக வரும் பட்டியல்கள் நம் ஊர்ப் படிவங்களின் நிரந்தர அங்கம். விண்டோஸில் மூடிய பட்டியலின் மேல் நின்று கீழ் அம்புக்குறியைத் தட்டினால், குரோமில் ஒவ்வொரு தட்டலுக்கும் 'சேஞ்ச்' எழும். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஆங்கில அகரவரிசையில் கடைசியில் இருக்கும் விருதுநகர்க்காரர் அம்புக்குறியிலேயே இறங்கி வந்தால், வழியில் இருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கோரிக்கை சர்வருக்குப் பறக்கும். பதில்கள் அனுப்பிய வரிசையில் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே விருதுநகர் என்று நிற்க, கீழே திண்டிவனமும் செஞ்சியும் வந்து நிற்கும், விழுப்புரத்தின் பதில் தாமதமாக வந்து ஜெயித்துவிட்டது. தன் வட்டம் ஏன் பட்டியலில் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'அபார்ட் கன்ட்ரோலர்' வைத்து முந்தைய கோரிக்கையை ரத்து செய்துவிட்டுப் புதியதை அனுப்புங்கள். தட்டல் ஓய்ந்து கால் விநாடி கழித்து அனுப்பினால் இன்னும் நல்லது. பட்டியலில் ஒன்றைத் தொட்டதும் பக்கத்தையே மாற்றுவதோ படிவத்தையே அனுப்பிவிடுவதோ கூடவே கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்பது 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0இன் அடிப்படை நிலை விதிகளில் ஒன்று.

பிழை சொல்லும் நேரம் பற்றி. ஒருவர் மின்னஞ்சலின் முதல் எழுத்தைத் தட்டியதுமே சிவப்பில் "தவறான முகவரி" என்று காட்டுவது அவரை மதிக்கிற செயல் இல்லை. பெட்டியை விட்டு அவர் நகரட்டும், பிறகு சொல்லுங்கள். ஒருமுறை பிழை காட்டிவிட்ட பெட்டியில் மட்டும், அவர் திருத்தத் திருத்த 'இன்புட்' நிகழ்வில் பார்த்து, சரியானவுடன் சிவப்பை எடுத்துவிடுங்கள். அலர்ட் வேண்டவே வேண்டாம். 'பிளர்' நிகழ்வில் அலர்ட் போட்டுவிட்டு அதே பெட்டிக்கு ஃபோகஸைத் திருப்பும் ஸ்கிரிப்ட் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளில் இருந்தால், ஒன்றை ஒன்று அழைத்து முடிவில்லாமல் சுழலும். பிறந்த தேதிப் பெட்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆண்டு 1985 என்று தட்டும்போது குரோம் முதல் இலக்கத்திலேயே ஆண்டு 0001 என்று ஒரு முழுத் தேதியை ஒப்புக்கொண்டு 'சேஞ்ச்' எழுப்பும். உங்கள் வயதுச் சரிபார்ப்பு அங்கே காத்திருந்தால், இரண்டாயிரத்துச் சொச்சம் வயதுக்காரரை மறுக்கும் செய்தி அவர் முகத்தில் வந்து விழும்.

பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்களோடு இதே படிவங்களை நிரப்புகிறார்கள். பெட்டியின் ஓரத்தை மட்டும் சிவப்பாக்கினால் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. பிழைச் செய்தியை 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' மூலம் பெட்டியோடு இணையுங்கள், 'ஏரியா-இன்வேலிட்' வையுங்கள், அனுப்பும்போது பிழை இருந்தால் முதல் பிழைப் பெட்டிக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள். பட்டனை பட்டனாகவே எழுதுங்கள். 'டிவ்' ஒன்றுக்கு 'கிளிக்' ஹேண்ட்லர் மாட்டி பட்டன் போல வண்ணம் பூசினால், டேப் அதில் நிற்காது, ஸ்பேஸும் என்டரும் அதை அழுத்தாது.

அனுப்புவதற்கு வருகிறேன். 'கிளிக்'கைப் பட்டனில் கேட்காதீர்கள், 'சப்மிட்'டைப் படிவத்தில் கேளுங்கள். என்டர் தட்டி அனுப்புகிறவரும் அதற்குள் வந்துவிடுவார். ஸ்கிரிப்டிலிருந்து அனுப்பவேண்டியிருந்தால் 'ரிக்வெஸ்ட்சப்மிட்' பயன்படுத்துங்கள். பழைய 'சப்மிட்' முறை சரிபார்ப்பையும் ஓட்டாது, 'சப்மிட்' நிகழ்வையும் எழுப்பாது, உங்கள் ஹேண்ட்லரைத் தாண்டிப் போய்விடும். இரட்டைத் தட்டலால் இரண்டு முறை பணம் போகாமலிருக்கப் பட்டனை முடக்குகிறீர்கள், நல்லது. கோரிக்கை தோற்றால் மறுபடி திறந்துவிட மறக்காதீர்கள். திறந்துவிட்டாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது: பணம் செலுத்தும் பக்கம் வரை போனவர், ஏதோ தவறு என்று பின்செல்லும் பட்டனைத் தட்டுகிறார். பிரவுசர் பழைய பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டும். நிரப்பியதெல்லாம் இருக்கும், முடக்கிய பட்டனும் முடங்கியே இருக்கும். பக்கம் புதிதாக ஏறவில்லை என்பதால் 'லோடு' எழாது. 'பேஜ்ஷோ' எழும், அதில் 'பெர்சிஸ்டெட்' உண்மை என்றிருக்கும். அங்கே பட்டனைத் திறந்துவிட ஒரு வரி எழுதவேண்டும். இதெல்லாம் இருந்தாலும், ஒரே விண்ணப்பம் இரண்டு முறை வந்தால் ஒன்றாகக் கொள்வதும், மதிப்புகளைச் சரிபார்ப்பதும் சர்வரிலும் நடந்தாகவேண்டும். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டை யாரும் அணைத்துவிடலாம்.

வேலைப்பளு எனக்குத் தெரியாததில்லை. கெடு நெருங்கும்போது, தெரிந்த பழைய துண்டை எடுத்து ஒட்டிவிடத்தான் தோன்றும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தச் சொல்லவில்லை. முதலில் உங்கள் கோப்புகளில் 'கீகோட்', 'கீபிரஸ்', 'ஆன்பேஸ்ட்' என்ற மூன்றையும் தேடுங்கள். தட்டுப்படும் ஒவ்வொரு வரிக்கும் அது யாருடைய கையைத் தடுக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவற்றை அழித்துவிடலாம், எழுதிச் சேர்ப்பதைவிட அது சுலபம். பிறகு உங்கள் கைபேசியில் தமிழ்க் கீபோர்டை இயக்கி, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைப்பை மெதுவாக்கி, சொந்தப் படிவத்தைத் தலைப்பெழுத்தோடு முதலிலிருந்து கடைசிவரை நிரப்புங்கள். கணினியில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, எண் பலகையோடு இன்னொரு முறை. எந்தப் பெட்டியில் கை நின்றுபோகிறதோ அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் சக பணியாளர்